லோமுவுக்குச் சிறுநீரகம் கொடுத்தவரை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கமுங்க. போன ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் நியூசிலாந்து ரக்பி வீரர் ஜோனா லோமுவைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். முதலில் அதற்கு நன்றி. கிரிக்கெட்டை விட்டால் வேறு ஆட்டமே இல்லை என்று நினைக்கிற நம் பத்திரிகைகளில், அதுவும் ஈரோடு பதிப்பில், ரக்பிக்கு அரைப் பக்கம் என்பது பெரிய விஷயம்தான். ஆனால் படித்து முடித்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காளை, மலை, புல்டோசர், ரயில் இஞ்சின் என்று பார்த்த பெயரையெல்லாம் வைத்துவிட்டு, கடைசி வரியில் 'உடல்நலக் குறைவால் 2015-ல் காலமானார்' என்று முடித்துவிட்டீர்கள். என்ன உடல்நலக் குறைவு, எப்போது வந்தது, அதை வைத்துக்கொண்டு அந்த ஆள் எத்தனை வருசம் ஆடினார், ஒன்றும் இல்லை.

எனக்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று கேட்பீர்கள். வாரத்தில் மூன்று நாள் ஈரோட்டில் டயாலிசிஸ் கட்டிலில் நாலு மணி நேரம் படுத்துக் கிடக்கிறவன் நான். திங்கள், புதன், வெள்ளி. நாலு வருசம் ஆகிறது. லோமு பிறந்தது 1975 மே 12. நானும் அதே வருசம்தான், ஆவணி மாதம். அவர் ஆக்லாந்தில் டோங்கா தீவுக்காரப் பெற்றோருக்குப் பிறந்தார், நான் சென்னிமலையில் தறிக்காரர் வீட்டில். வேறு எந்தப் பொருத்தமும் எங்களுக்குள் இல்லை, சிறுநீரகம் ஒன்றைத் தவிர.

லோமுவை எனக்குக் காட்டியது என் தம்பி மகன். அவன் ஆக்லாந்தில் வேலையில் இருக்கிறான். எனக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில் போன் பண்ணி, "பெரியப்பா, இந்த ஊர்லயும் ஒருத்தர் உங்களை மாதிரியே மெஷின்ல படுத்திருந்தாருங்க, ஆனா அவர் யாருன்னு தெரிஞ்சா நம்ப மாட்டீங்க" என்று சொல்லி ஒரு வீடியோ அனுப்பினான். இடது கையில் இரண்டு ஊசி, வலது கையில் போன். அப்படித்தான் முதல் தடவை பார்த்தேன்.

1995 ஜூன் 18, கேப்டவுன் நியூலேண்ட்ஸ் மைதானம், உலகக் கோப்பை அரையிறுதி, எதிரே இங்கிலாந்து. ஆட்டம் தொடங்கி சில நிமிடம்கூட ஆகவில்லை, பந்து இவரிடம் வருகிறது. ரக்பியில் பந்தைக் கையில் பிடித்து ஓடலாம், ஆனால் முன்பக்கம் வீசக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும், எதிரணிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தரையில் அழுத்தினால் ட்ரை, அதற்கு ஐந்து புள்ளி. தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான். லோமு ஆறடி ஐந்து அங்குலம், எடை கிட்டத்தட்ட 120 கிலோ. அந்த உடம்போடு நூறு மீட்டரைப் பதினோரு நொடிக்குள் ஓடுகிறவர். முதல் ஆளைச் சுற்றிக்கொண்டு போனார், அடுத்தவர் பின்னாலிருந்து எட்டிப் பிடிக்கப் பார்த்தார், அதில் லோமுவுக்குக் கால் தடுமாறியது, விழப் போகிறார் என்றுதான் நினைப்போம். அந்தத் தடுமாற்றத்தோடேயே போய், கடைசியாக நின்ற இங்கிலாந்துக்காரர் மைக் கேட் மேல் ஏறி மிதித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார். மிதித்துக்கொண்டு என்பதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அவர் உடம்பு மேலேதான் ஏறிப் போனார்.

ஒரு பழைய கபடிக்காரனாக இந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். 95-ல் நானும் எங்கள் ஊர் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தேன். கோயில் நோம்பிக்கு ராத்திரி டியூப்லைட் கட்டி நடக்கிற ஆட்டங்களில், பெருந்துறை, காங்கேயம், வெள்ளகோவில் என்று போகாத ஊர் இல்லை. எடை உள்ளவன் பாடி வந்தால் அவன் மார்புக்கு நேரே போய் நிற்கக்கூடாது, இது சின்னப் பையனுக்கும் தெரியும். கணுக்காலுக்குத்தான் போக வேண்டும். கணுக்கால் கையில் சிக்கிவிட்டால் 120 கிலோவும் கீழேதான். மைக் கேட் பாவம், நேருக்கு நேர் நிமிர்ந்து நின்றார். அந்த வேகத்துக்கு முன்னால் யோசிக்க நேரம் கிடைத்திருக்காது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு லோமு போட்டது நாலு ட்ரை, நியூசிலாந்து 45, இங்கிலாந்து 29.

இதெல்லாம் நீங்களும் எழுதியிருந்தீர்கள், சரி. ஆறு நாள் கழித்து ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா கூடுதல் நேரத்தில் 15-12 என்று ஜெயித்ததையும், மண்டேலா பச்சைச் சட்டை போட்டுக் கோப்பையைக் கொடுத்ததையும் எழுதியிருந்தீர்கள். ஆனால் அன்றைக்கு லோமுவுக்கு ஒரு ட்ரைகூடக் கிடைக்கவில்லை என்பதை விட்டுவிட்டீர்கள். அன்றைக்கு மட்டுமில்லை, தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக டெஸ்ட் ஆட்டங்களில் (ரக்பியில் நாட்டு அணியும் நாட்டு அணியும் மோதுவதுதான் டெஸ்ட்) கடைசி வரைக்கும் அவர் ஒரு ட்ரை போட்டதில்லை. தென்னாப்பிரிக்கர்கள் அவரைத் தனியாக ஓட விடவே இல்லை, ஒருத்தன் காலைப் பிடித்தால் அடுத்த நொடி மூன்று பேர் மேலே. புல்டோசர் என்று எழுதுவது சுலபம், புல்டோசரை நிறுத்தியவர்களும் இருந்தார்கள்.

அவர் முதல் டெஸ்ட் ஆடியது 1994 ஜூன் 26, கிறைஸ்ட்சர்ச்சில் பிரான்சுக்கு எதிராக. வயது 19 வருசம் 45 நாள். அவ்வளவு சின்ன வயதில் நியூசிலாந்துக்கு டெஸ்ட் ஆடியவர் அதற்கு முன் இல்லை. பள்ளிக்கூடத்தில் முன்களத்தில் மல்லுக்கட்டுகிற ஆட்டக்காரராக இருந்தவரைக் கொண்டுபோய் ஓரத்தில், பதினோராம் நம்பர் சட்டையில் நிறுத்தினார்கள். இரண்டு ஆட்டமும் தோல்வி, எங்கே நிற்பது என்றே பையனுக்குப் புரியவில்லை, பிரெஞ்சுக்காரர்கள் அவர் பின்னாலேயே பந்தை உதைத்து அலையவிட்டார்கள். அந்த இரண்டு டெஸ்ட் அனுபவத்தோடுதான் அடுத்த வருசம் உலகக் கோப்பைக்கே போனார்.

இனிமேல்தான் நீங்கள் எழுதாத கதை. அந்த 1995 முடிவதற்குள் அவருக்கு நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டுகிற சல்லடை பழுதாகி, உடம்பில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் போய்விடும். சிறுநீர் நுரை நுரையாகப் போகும். காலையில் எழுந்தால் கண் இரப்பை வீங்கியிருக்கும், சாயங்காலம் பாதம் வீங்கும், சாக்ஸ் கழட்டினால் கணுக்காலில் ரப்பர் தடம் அப்படியே பள்ளமாக நிற்கும். அசதி என்றால் சாதாரண அசதி இல்லை, நான் படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்த ஆள், எனக்குத் தெரியும்.

இதோடு அவர் ஆடினார். 1997-ல் வைத்தியத்துக்காகப் பல மாதம் ஆட்டத்தை விட்டு ஒதுங்கி இருந்தார். 1998-ல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஏழு பேர் ரக்பியில் தங்கம் ஜெயித்த அணியில் இருந்தார். 1999 உலகக் கோப்பையில் எட்டு ட்ரை, 1995-ல் போட்ட ஏழோடு சேர்த்தால் பதினைந்து. 2015-ல் தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா வந்து அந்தப் பதினைந்தைச் சமன் செய்தார், லோமு உயிரோடு இருந்த கடைசி உலகக் கோப்பை அது. 2000 ஜூலையில் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 1,09,874 பேர் கூடியிருந்த ஆட்டம். கடைசி நேரத்தில் நியூசிலாந்து பின்தங்கி நிற்க, கோட்டோரமாக, கால் எல்லைக்கோட்டில் படுகிறதா இல்லையா என்கிற அளவில் ஓடி இவர் போட்ட ட்ரையில்தான் 39-35 என்று ஜெயித்தார்கள். அந்த ஓட்டத்தை நான் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள், நான் அவர் கணுக்காலைப் பார்ப்பேன், வீங்கியிருக்கிறதா என்று. சாக்ஸ் மறைத்துக்கொள்கிறது.

கடைசி டெஸ்ட் 2002 நவம்பரில், கார்டிஃபில் வேல்ஸ் அணிக்கு எதிராக. மொத்தம் 63 டெஸ்ட், 37 ட்ரை. இந்தக் கணக்கை நீங்களும் போட்டிருந்தீர்கள். அந்த 63-ல் பெரும்பகுதி நோய் தெரிந்த பிறகு ஆடியது என்று ஒரு வரி சேர்த்திருந்தால், படிக்கிறவன் அந்த எண்ணையே வேறு மாதிரி பார்த்திருப்பான் அல்லவா? 2003-ல் டயாலிசிஸ் தொடங்கியது. நோய் நரம்பையும் பாதித்து, கால் மரத்துப்போய், நடப்பதே சிரமமாகிவிட்டது, சக்கர நாற்காலி வரைக்கும் போகலாம் என்ற நிலைமை. நூறு மீட்டரைப் பதினோரு நொடிக்குள் ஓடியவர்!

2004 ஜூலையில் ஆக்லாந்தில் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தார்கள். கொடுத்தவர் கிராண்ட் கெரியாமா, அப்போது வெலிங்டனில் வானொலி நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தவர். அண்ணன் தம்பி இல்லை, பங்காளி இல்லை, மாமன் மச்சான் இல்லை, தெரிந்தவர், அவ்வளவுதான். தானாக முன்வந்து, பரிசோதித்துப் பார்த்து, பொருந்துகிறது என்றதும் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். உங்கள் அரைப் பக்கத்தில் இந்தப் பெயர் இல்லை. மைக் கேட் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது.

நான் ஏன் இந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், அதற்கு என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எட்டுத் தறி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். கபடியில் போன முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் வாங்கித் தின்ற வலி மாத்திரைக்குக் கணக்கே கிடையாது, ரத்தக் கொதிப்பு இருந்ததும் தெரியாது. டாக்டர் பார்த்தபோது, ரத்தத்தில் கழிவு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் எட்டைத் தாண்டிவிட்டது. வீட்டுக்காரம்மா கொடுக்கிறேன் என்றாள், ரத்த குரூப் ஒத்துவரவில்லை. தங்கச்சி கொடுக்கிறேன் என்றாள், அவள் மாமியார் வீட்டில் பெரிய ஒரியாட்டம் ஆகி நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் ஒருநாள் ஈரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் ஒரு ஆள் வந்தார். என்னைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருந்தார், என் ரத்த குரூப் உள்பட. "ஆள் இருக்குதுங்க, தறி ஓட்டுற பையன், வயசு முப்பதுதான். சொந்தக்காரர்னு காகிதமெல்லாம் நாங்களே பண்ணிக்குவோம்" என்றார். தொகையையும் சொன்னார். அந்தப் பையனுக்கு அதில் எவ்வளவு போகும் என்று கேட்டேன். "அது அவனுக்கு இருக்குற கடனுக்குப் பத்தும்ங்க" என்றார்.

நான் உடனே எழுந்து போய்விடவில்லை. அப்படி எழுதினால் பொய். இரண்டு ராத்திரி தூங்காமல் கணக்குப் போட்டேன், எந்தத் தறியை விற்கலாம், எந்த நகையை வைக்கலாம் என்று. மூன்றாம் நாள் காலையில் தறிக்கூடத்தில் நிற்கிறேன், பாவு பிணைத்துக்கொண்டிருந்த பையன் என்னைப் பார்த்து, "அண்ணா, அட்வான்ஸ்ல ஒரு அஞ்சாயிரம் சேர்த்துக் குடுங்க" என்றான். அவனுக்கும் வயது முப்பதுதான். அவன் பேரில் என் நோட்டில் எவ்வளவு கடன் எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், எழுதியதே நான்தானே. அந்த டீக்கடை ஆளுக்கு வேண்டாம் என்று அன்றைக்குத்தான் சொன்னேன்.

2025-ல் பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் சிறுநீரகம் வாங்கிய விவகாரம் வெளியே வந்தபோது நீங்களும் முதல் பக்கத்தில் போட்டீர்கள். எனக்கு அது புதுச் செய்தி இல்லை. உறுப்பு விற்கக்கூடாது என்று நம் நாட்டில் சட்டம் வந்தது 1994-ல், லோமு முதல் டெஸ்ட் ஆடிய அதே வருசம். நெருங்கிய சொந்தம் கொடுக்கலாம். சொந்தம் இல்லாதவர் பாசத்தினால் கொடுப்பதானால் அதற்கென்று உள்ள குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். கெரியாமா நம்ம ஊரில் இருந்திருந்தால் அந்தக் குழு முன்னால்தான் போய் உட்கார்ந்திருப்பார், எவ்வளவு வாங்கினாய் என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். கேட்பதும் நியாயம்தான், நம்ம ஊரில் நடப்பது அப்படி. அதனால்தான் ஒரு மனிதர் காசு வாங்காமல், உறவும் இல்லாமல், ஒன்றைக் கொடுத்தார் என்ற செய்தி நியூசிலாந்து வாசகனைவிட நம்ம ஈரோடு, நாமக்கல் வாசகனுக்கு அதிகம் தேவைப்படுகிறது.

கொடுத்த சிறுநீரகம் என்ன ஆயிற்று என்பதும் முக்கியம். மாற்றுச் சிறுநீரகத்தை வழக்கமாக அடிவயிற்றில்தான் வைப்பார்கள். பழையது மாதிரி விலா எலும்பும் முதுகுச் சதையும் அதைக் காப்பாற்றாது. கபடி, ரக்பி மாதிரி மோதுகிற ஆட்டம் எதையும் பொதுவாக டாக்டர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இவர் ஒரு வருசத்துக்குள் லண்டன் ட்விக்கன்ஹாமில் ஒரு காட்சி ஆட்டத்தில் இறங்கி, ட்ரையும் போட்டு, தோளையும் உடைத்துக்கொண்டார். 2005 கடைசியில் வேல்ஸின் கார்டிஃப் புளூஸ் அணிக்கு ஆடப் போனார், அங்கே கணுக்கால் உடைந்தது. ஊருக்குத் திரும்பி நார்த் ஹார்பருக்கு ஆடினார். 2007 உலகக் கோப்பைக்கு மறுபடி நியூசிலாந்து அணியில் வர வேண்டும் என்று ஆசைப்பட்டார், நடக்கவில்லை. 2009-ல் பிரான்சில் மார்செய் பக்கம் ஒரு மூன்றாம் நிலை அணியில்கூட ஆடினார். இதைப் படிக்கிறவர்களில் சிலர், அடுத்தவர் கொடுத்த உறுப்பை வைத்துக்கொண்டு இப்படி ஆடலாமா என்று கேட்பார்கள். நானே முதலில் கேட்டேன், கோபமாகக்கூட இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், தறியை மூடிவிட்டு வீட்டில் உட்கார் என்று டாக்டர் சொன்னபோது நான் உட்கார்ந்தேனா? இப்போதும் செவ்வாய், வியாழனில் தறிக்கூடத்தில்தான் நிற்கிறேன்.

2011-ல் அந்தச் சிறுநீரகமும் செயலிழந்தது. ஏழு வருசம் உழைத்திருக்கிறது. மறுபடி மெஷின். 2015 நவம்பர் 18, இங்கிலாந்தில் உலகக் கோப்பைக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பியதும் ஆக்லாந்தில் இறந்துபோனார். வயது நாற்பது, இரண்டு சின்னப் பையன்கள். உலகக் கோப்பைக்குப் போன நாட்களிலும் டயாலிசிஸ் நிற்கவில்லை. இங்கே பழனிக்கு ஒருநாள் போய்வர வேண்டும் என்றாலே நாங்கள் நாள் கணக்குப் பார்ப்போம், உடம்பில் தண்ணீர் சேர்ந்து வெயிட் எவ்வளவு ஏறும், திரும்பி வருவதற்குள் மூச்சு வாங்குமா என்று. அந்த ஆள் உலகத்தின் அந்தக் கோடியில் இருந்து இந்தக் கோடி வரைக்கும் விமானத்தில் போயிருக்கிறார்.

நம்ம தமிழ்நாட்டிலும் எழுத விஷயம் இல்லாமல் இல்லை. 2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற பையனின் உறுப்புகளை அவன் பெற்றோர் கொடுத்த பிறகுதான் இங்கே பல பேருக்கு மூளைச்சாவு என்ற வார்த்தையே தெரிந்தது. 2023-லிருந்து உறுப்பு கொடுத்தவருக்கு அரசு மரியாதையோடு அடக்கம் செய்கிறார்கள். நானும் அரசுப் பட்டியலில் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறேன். போன் அடித்தால் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு பொக்கென்கிறது, பார்த்தால் லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்.

என் பக்கத்துக் கட்டிலில் இருபத்தி நாலு வயதுப் பையன் ஒருத்தன், பெருந்துறைக்காரன், வாலிபால் ஆடியவன். ஊசி போட்ட கையில் ஃபிஸ்டுலா என்று ஒன்று இருக்கும், ரத்தக் குழாய் இரண்டை ஒட்டி வைத்திருப்பார்கள், மேலே விரல் வைத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடுகிற மாதிரி அதிரும். அவன் அதைச் சட்டைக் கையால் மூடிக்கொண்டுதான் பஸ்சில் வருவான், தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், வெளியே யாரிடமும் சொல்லாதே என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை நான் கொண்டுபோன உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை அவன்தான் முதலில் படித்தான். முழுசும் படித்துவிட்டு, "செம ஆளுங்கண்ணா" என்று திருப்பிக் கொடுத்தான். இவருக்கும் நமக்கு இருக்கிற நோய்தான்டா கண்ணு என்றேன். நம்பவில்லை. பேப்பரைத் திரும்ப வாங்கி ஒருதடவை பார்த்துவிட்டு, "இதுல போடலையேங்கண்ணா" என்றான்.

ஆகவே ஒரு சின்னத் திருத்தமாவது போடுங்கள். நாலு வரி போதும், கெரியாமா பெயரோடு. திங்கள், புதன், வெள்ளி இதில் ஏதாவது ஒரு நாளில் போட்டால் நல்லது, அந்த நாட்களில்தான் எங்கள் ஏழு கட்டிலுக்கும் சேர்த்து ஒரு பேப்பர் வாங்குகிறோம்.

இப்படிக்கு,
பழைய கபடிக்காரன் ஒருவன்,
சென்னிமலை.